கீற்றணி: கீறலிலிருந்து ஒளியிழை வரை

ஒளியியலில் ‘கிரேட்டிங்’ எனப்படும் கருவிக்குத் தமிழ்ப் பாடநூல்கள் தரும் பெயர் கீற்றணி. சம இடைவெளியில் மிக நெருக்கமாக அமைந்த கோடுகளின் வரிசை அது. அதில் படும் வெள்ளொளி நிறம் நிறமாகப் பிரிந்து வெவ்வேறு திசைகளில் செல்லும். மில்லிமீட்டருக்கு 600 கோடுகள், 1200 கோடுகள் கொண்டவை ஆய்வகங்களில் சாதாரணமாகப் புழங்குகின்றன.

ஆங்கிலச் சொல்லின் வேர், பின்னிய தட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல். அதே வேர் போர்த்துகீசியம் வழியாகத் தமிழுக்கும் வந்து, கம்பித் தடுப்பைக் குறிக்கும் ‘கிராதி’ ஆயிற்று. அப்படியானால் கிராதி என்றே சொல்லிவிடலாமே என்று தோன்றும். தொடக்கக் காலக் கருவிகளுக்கு அது பொருந்தவும் செய்யும். 1785இல் அமெரிக்க வானியலாளர் ரிட்டன்ஹவுஸ் இரண்டு நுண்ணிய திருகுகளுக்கிடையே முடியிழைகளை வரிசையாகக் கட்டினார். 1821இல் ஜெர்மானிய ஒளியியலாளர் பிரான்ஹோபர் மெல்லிய கம்பிகளைக் கொண்டு அமைத்தார். பிறகு அவரே கண்ணாடியில் வைர முனையால் கோடு கீறத் தொடங்கினார். கம்பிகள் போய்விட்டன, கிராதியும் பொருந்தாமல் போயிற்று.

‘கீறு’ என்னும் வினையிலிருந்து பிறந்த கீற்று அங்கேதான் கைகொடுக்கிறது. கீறிய கோடும் கீற்று; ஒளிக்கீற்று, நிலாக்கீற்று என்னும்போது மெல்லிய பட்டையும் கீற்று. அணி என்பது வரிசை. இந்த இரட்டைப் பொருள் எவ்வளவு பயனுள்ளது என்பது, ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழையான ஒளியிழைக்கு வரும்போது விளங்குகிறது.

1978இல் கனடாவில் கென்னத் ஹில்லும் அவருடைய குழுவினரும் ஜெர்மானியம் கலந்த ஒளியிழைக்குள் ஆர்கான் லேசர் ஒளியைச் செலுத்தினர். நேரம் செல்லச் செல்ல, திரும்பி வரும் ஒளி கூடிக்கொண்டே போயிற்று. எதிரெதிராகச் சென்ற ஒளியலைகள் சேர்ந்து இழையின் நடுப்பகுதியான உள்ளகத்தில் ஒளிவிலகல் எண்ணை, அதாவது ஒளியின் வேகத்தைக் கண்ணாடி எவ்வளவு குறைக்கிறது என்பதைக் காட்டும் எண்ணை, சிறிதளவு, சீரான இடைவெளியில், நிலையாக மாற்றியிருந்தன. 1989இல் மெல்ட்ஸ் குழுவினர் பக்கவாட்டிலிருந்து இரு புற ஊதாக் கற்றைகளைக் குறுக்கிடச் செய்து அதே அமைப்பை வேண்டிய அளவில் பதித்தனர். சீரான அடுக்குகள் எந்த ஒளியைத் திருப்பும் என்று சொல்லும் பிராக் விதிப்படி, எதிரொளிக்கும் அலைநீளம் என்பது ஒளிவிலகல் எண்ணையும் இடைவெளியையும் பெருக்கியதன் இரு மடங்கு. 1550 நானோமீட்டர் ஒளியைத் திருப்ப ஏறக்குறைய 535 நானோமீட்டர் இடைவெளி போதும். இழை நீண்டாலோ சூடேறினாலோ அந்த அலைநீளம் நகரும். பாலங்களின் திரிபை, அதாவது சுமையால் அவை நீளும் அல்லது சுருங்கும் அளவை, அளக்கும் உணரிகள் இந்த நகர்வைத்தான் படிக்கின்றன.

இங்கே ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் மாறி மாறி வரும் ஒளிவிலகல் பட்டைகள் கீற்றுகளே. வைர முனை இல்லாத இடத்திலும் சொல் தளரவில்லை. ‘விளிம்பு விளைவுக் கீற்றணி’ என்னும் முழுப் பெயரை மட்டும் ஒளியிழைக்குக் கொண்டுவர வேண்டாம் என்பேன். விளிம்பு விளைவு, தடையின் ஓரத்தில் ஒளி வளைவதைச் சுட்டும் பெயர். இழைக்குள் அப்படி ஓரம் எதுவும் இல்லை. இழைக் கீற்றணி, தேவைப்பட்டால் பிராக் இழைக் கீற்றணி என்பதே தெளிவு.

இழையின் நுனியிலும் இப்போது வேலை நடக்கிறது. 125 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள அந்த முகத்தில் குவித்த அயனிக் கற்றையால் கோடு செதுக்குகிறார்கள். லேசரால் பிசினை இறுகச் செய்து நுண்வில்லை எழுப்புகிறார்கள். செதுக்கிய கோடுகளை இழைமுனைக் கீற்றணி எனலாம். வில்லை போன்றவற்றுக்கு அந்தப் பெயர் ஆகாது. அவற்றை இழைமுனை நுண்ணமைப்பு என்று தனியே சொல்ல வேண்டும்.