ஊருக்கே செல்லப்பிள்ளை, ஆனால் ஒரு நண்பன் இல்லை

சென்ற மாதம் காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, முழங்கால் வலி என்று தம் 19 வயது மகனை அழைத்து வந்தார். டவுன் சின்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் அறிவு வளர்ச்சி மெதுவாகும் நிலை) உள்ள அந்த இளைஞர், பள்ளி முடிந்த ஓராண்டுக்குள் 11 கிலோ கூடியிருந்தார். முழங்காலைத் தொடுவதற்கு முன் நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்: இவருடைய நண்பர்கள் யார்? "ஃபிரண்டு எதுக்கு மேடம், ஊருக்கே இவன் செல்லப்பிள்ளை" என்றார் அம்மா. கிருஷ்ணகிரியில் இயன்முறை மருத்துவராக இருக்கும் நான் இதே பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

டீக்கடையில் கன்னத்தைத் தட்டி மிட்டாய் கொடுப்பதும், திருவிழாவில் ஆடச் சொல்லிக் கைப்பேசியில் படம் பிடிப்பதும், மீசை அரும்பிய பிறகும் 'பாப்பா' என்று கூப்பிடுவதும் பிரியமாக இருக்கலாம், நட்பாகாது. நண்பன் என்றால் சண்டை போடுவான், கடன் கேட்பான், இரண்டு நாள் காணோமென்றால் வீட்டு வாசலில் வந்து நிற்பான். 'இவர்கள் கடவுளின் குழந்தைகள், கவலையே தெரியாது, எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்' என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் ஒருவருக்குத் துக்கம் இல்லாமல் போய்விடாது. பள்ளி நின்றதும் கூடப் படித்தவர்கள் கல்லூரிக்கும் ஓசூர் கம்பெனிகளுக்கும் போய்விட, இவர்கள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். பேச்சு குறைகிறது, குளிக்கச் சொன்னால் கோபம் வருகிறது. தனக்குத்தானே பேசிக்கொள்வது இவர்களில் பலருக்கு இயல்பானது, அதற்காக மந்திரிக்க அழைத்துப் போக வேண்டாம். ஆனால் பிறரோடு பேசுவது குறைந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வுதான் தெரியும் என்பதால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எங்கள் அறையின் மூலையில் ஒரு கேரம் பலகை உண்டு. அந்த இளைஞரையும் உடன் வந்த அவருடைய சித்தப்பா மகனையும் விளையாடச் சொன்னேன். அவர் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, விரலால் நகர்த்தி, குனிந்து பார்த்து, மறுபடியும் நகர்த்தினார். மூன்றாவது முறை தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. "உனக்கு வராதுண்ணா, விடு" என்று அவருக்காகத் தானே அடித்தான், காயும் விழுந்தது. அண்ணன் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தம்பி நல்ல பையன், அண்ணனுக்கு உதவி செய்ததாகவே நினைத்தான்.

இந்த உதவியைத்தான் நிறுத்த வேண்டும். 1968இல் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் சேர்ந்து ஆடும் பிரிவு ஒன்று உண்டு; அங்கே இருவரும் வீரர்கள், துணைக்கு வந்தவர் என்று எவரும் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பொழுதுபோக்கையும் விளையாட்டையும் உரிமைகளோடு சேர்த்தே பேசுகிறது. நாமோ மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 அன்று இசை நாற்காலி நடத்தி, எவர்சில்வர் டப்பா கொடுத்து, புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம்.

இதற்காகப் பெங்களூருக்கு ஓட வேண்டியதில்லை. தெருவில் அதே வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர், வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், எல்லோருக்கும் பிடித்த ஓர் ஆட்டம். கிருஷ்ணகிரி அணைப் பூங்காவிலும் நடத்தலாம், வீட்டுத் திண்ணையிலும் நடத்தலாம். அந்தப் பிள்ளைகளிடம், கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். காது மந்தமாக இருப்பது இவர்களிடம் அதிகம் என்பதால் முகம் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்க வேண்டாம், அவர்களுக்கு அது தெரிந்துவிடும்.

களத்தில் இறக்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். சிறு வயதில் அறுவை செய்தாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கழுத்தின் மேல் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்கள் தளர்ந்திருக்கலாம் என்பதால் குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, கபடியில் அமுக்குவது இவையெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் கூடவே கூடாது. கழுத்து வலி, நடையில் புதிய தள்ளாட்டம், கை பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். யாரைப் பார்த்தாலும் கட்டிப்பிடிப்பதை ரசித்துச் சிரிப்பதையும் விடுங்கள். கைகுலுக்கவும், பிடிக்காத தொடுதலுக்கு 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்லவும் சிறு வயதிலிருந்தே பழக்குங்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் மட்டும் கெஞ்சியே கேட்கிறேன்: அவர்களையும் விளையாட விடுங்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. முதல் சில வாரங்கள் நீங்களும் உடன் வாருங்கள், பத்தடி தள்ளி உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருங்கள், ஆட்டத்துக்குள் மட்டும் வராதீர்கள்.