தண்ணீர் தானே கட்டிய வரப்பு

"துருக்கி சுற்றுலாவில் பாமுக்கலேயில் 3 மணி நேரம் நிறுத்துகிறார்களாம். அந்த வெள்ளை மலை பனியா, உப்பா? அவ்வளவு நேரத்தில் எதைப் பார்ப்பது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பனியும் இல்லை, உப்பும் இல்லை. அது சுண்ணாம்புக்கல். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் படிந்ததும் அதில் இருக்கிறது, நேற்று இரவு படிந்ததும் இருக்கிறது. 3 மணி நேரமும் போதும், எந்த வாசலில் நுழைவது என்று தெரிந்திருந்தால்.

இடம் தென்மேற்குத் துருக்கி, டெனிஸ்லி நகருக்குப் பக்கம். பாமுக்கலே என்றால் துருக்கி மொழியில் பஞ்சுக் கோட்டை. சுமார் 160 மீட்டர் உயரமுள்ள வெள்ளைச் சரிவு; அதன் தலைமேல் ஹியராபோலிஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் அரசர்கள் நிறுவிய ஊர், கி.மு. 133இல் ரோமானியர் கைக்குப் போனது. நகரையும் சரிவையும் சேர்த்தே 1988இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மூன்று வாசல்கள் உண்டு. பெரும்பாலான வண்டிகள் தெற்கு வாசலில் இறக்கிவிட்டு, அங்கேயே ஏற்றிக்கொள்ளும். அப்படிப் போனால் பாதி ஊர் கண்ணில் படாது. வடக்கு வாசலில் இறக்கிவிடச் சொல்லி, வண்டியை மலையடியில் ஊர்ப்பக்கத்து வாசலில் காத்திருக்கச் சொல்லுங்கள். முழுப் பயணமும் ஒரே திசையில் அமையும். கடைசிப் பகுதி இறக்கம். காலையில் சீக்கிரம் போவது நல்லது. கோடையில் வெயில் கடுமை, போதாததற்கு வெள்ளைத் தரை கண்ணைக் கூச வைக்கும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு பையும் வேண்டும், காரணம் பிறகு.

வடக்கு வாசலைத் தாண்டியதும் இடுகாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் பாதையின் இருபுறமும் கிடக்கின்றன. அம்மியானோஸ் என்பவரின் கல் சவப்பெட்டி இங்கே கிடைத்ததுதான். கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் மூடியில், நீர்ச்சக்கரத்தால் ஓடும் கல் அறுக்கும் ரம்பம் செதுக்கப்பட்டிருக்கிறது. சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் வளைதண்டும் இணைப்புத்தண்டும் சேர்ந்த அமைப்புக்கு, உலகில் இதுவரை கிடைத்த ஆகப் பழைய சித்திரம் அதுவே. இன்று நம் மோட்டார் எஞ்சினுக்குள் இருப்பதும் அதே அமைப்புதான்.

இன்னொன்றையும் இங்கே கவனியுங்கள். சில கல்லறைகள் பாதி உயரத்துக்கு வெள்ளைக் கல்லில் புதைந்து நிற்கும். மண் மூடியதல்ல, கல்லே வளர்ந்து மூடியது. ரோமானிய ஆளுநர் ஃப்ரான்டினஸ் கட்டிய மூன்று வளைவு வாசலைக் கடந்து பெருந்தெருவில் நேராக நடங்கள். நாடகசாலையை மேலே ஏறி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழே புளூட்டோவின் குகைக்கு வாருங்கள்.

புளூட்டோ பாதாள உலகத்துக்குத் தெய்வம். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர் இந்த இடத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்: ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு துளை, முன்னால் மூடுபனி போல் ஆவி, உள்ளே ஓட்டிய காளை விழுந்து சாகும், அவர் எறிந்த சிட்டுக்குருவிகளும் உடனே விழுந்தன, ஆனால் கோயில் பூசாரிகள் மட்டும் உள்ளே போய் உயிரோடு திரும்பினர். தெய்வ அருள் என்று கூட்டம் நம்பியது. ஸ்ட்ராபோ வேறொன்றையும் கவனித்தார்: பூசாரிகள் முடிந்தவரை மூச்சை அடக்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

பிரான்செஸ்கோ டி'ஆன்ட்ரியா தலைமையிலான இத்தாலியக் குழு இந்தக் குகையைக் கண்டுபிடித்து 2013இல் அறிவித்தது. வெந்நீர் ஊற்று ஓடும் வழியைப் பின்தொடர்ந்து போய்ச் சேர்ந்த இடம் அது. தோண்டும்போதே, வெதுவெதுப்பைத் தேடி வந்த பறவைகள் வாசலில் செத்து விழுந்தன. பிறகு ஹார்டி ஃபான்ஸ் என்ற ஜெர்மானிய உயிரியலாளரின் குழு வாயுவை அளந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. நிலப்பிளவு வழியே வருவது கரியமில வாயு. குகைக்குள் அது 91 சதவீதம் வரை இருந்தது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு என்பதால், காற்றசைவில்லாத இரவில் குகை முன்னுள்ள பள்ளத்தில் ஏரி போலத் தேங்குகிறது. விடியும் நேரத்தில் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் சுமார் 35 சதவீதம். வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று கலைந்து ஏரி கரைந்துவிடும். தலை தாழ்த்திய காளையின் மூக்கு ஏரிக்குள். நிமிர்ந்து நிற்கும் பூசாரியின் மூக்கு ஏரிக்கு வெளியே. அருளின் அளவு ஒரு முழம்.

இது நமக்குத் தொலைவான கதை அல்ல. பாழுங்கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் விழ, 'முனி அடித்துவிட்டது' என்று ஊர் பேசுவது இதே வாயுவைத்தான். எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் அறிவார்ந்தது, ஆனால் போதாது. காற்றில் 10 சதவீதம் கரியமில வாயு இருந்தாலே சில நிமிடங்களில் மனிதன் நினைவிழப்பான். அந்த அளவில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கக்கூடும். கழிவுநீர்த் தொட்டியில் நிலைமை இன்னும் மோசம்: ஹைட்ரஜன் சல்பைடை விளக்கு காட்டாது, மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்க வைக்கும். உள்ளங்கை அளவு வாயுமானி ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்க வேண்டும். அறிவியலுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் ரூபாய் அதற்குப் போகட்டும் என்பேன்.

குகையிலிருந்து சில நிமிட நடையில் பழைய வெந்நீர்க் குளம். சுமார் 36 டிகிரி. நிலநடுக்கத்தில் சாய்ந்த பளிங்குத் தூண்கள் தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. கிளியோபாட்ரா குளித்த குளம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அவர் இறந்தது கி.மு. 30இல், தூண்கள் விழுந்தது கி.பி. 7ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. அந்தக் கதையை விட்டுவிட்டுக் குமிழிகளைப் பாருங்கள். அடியிலிருந்து சரம் சரமாக ஏறும். குகையில் வறண்டு வந்த அதே வாயு, இங்கே நீரில் கரைந்து வருகிறது.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தில் அடைபட்ட வாயு, கோலியைத் தட்டியதும் பொங்கி வெளியேறும். மலையில் பெய்த மழை நிலப்பிளவு வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, அழுத்தத்தில் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. வாயு கரைந்த நீர் இளம் அமிலம். அது சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து, பள்ளிக்கூடத்தில் படித்த கால்சியம் பைகார்பனேட்டாகச் சுமந்து வருகிறது. மேலே வந்ததும் கோலி திறந்த கதைதான். வாயு போய்விட்டால் சுண்ணாம்பைப் பிடித்துவைக்க நீருக்குத் தெம்பில்லை. கால்சியம் கார்பனேட் படிகிறது.

உப்பளத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உப்பளத்தில் தண்ணீர் ஆவியாகி உப்பு மிஞ்சும். இங்கே தண்ணீர் அப்படியே ஓடிப்போகிறது, வாயு மட்டும் வெளியேறுகிறது. ஊற்றில் லிட்டருக்கு 725 மில்லிகிராம் இருக்கும் கரியமில வாயு, சரிவில் இறங்கி முடிப்பதற்குள் 145க்கு வந்துவிடுகிறது. அந்த ஓட்டத்தில் லிட்டருக்கு சுமார் அரை கிராம் கல் படிகிறது. 15 லிட்டர் குடம் ஒன்றுக்கு ஏழரை கிராம். விநாடிக்கு ஒரு லிட்டர் விழும் சிறு ஓடை ஒரே நாளில் 43 கிலோ கல்லை இறக்கிவைக்கும்.

சரி, வெள்ளை ஏன் என்று தெரிந்துவிட்டது. ஆனால் படிப்படியாக, நெல்வயல் அடுக்கு போல, வரப்பு கட்டிய தொட்டிகளாக ஏன் இருக்க வேண்டும்? மொத்தச் சரிவிலும் ஒரே தடிமனில் பூசினாற்போல் படிந்திருக்கலாமே?

பதில் விளிம்பில் இருக்கிறது. சரிவில் ஒரு சிறு மேடு இருக்கிறது என்று வையுங்கள்; ஒரு கல்லோ உதிர்ந்த குச்சியோ போதும். தண்ணீர் அதற்குப் பின்னால் கொஞ்சம் தேங்கி, மேட்டின் மீது மெல்லிய படலமாக வழியும். 50 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் ஒரு லிட்டர் நீருக்குக் காற்றோடு இருக்கும் தொடர்பு 20 சதுர சென்டிமீட்டர்தான். அதே லிட்டர் 2 மில்லிமீட்டர் படலமாக விளிம்பில் வழியும்போது 5,000 சதுர சென்டிமீட்டர். 250 மடங்கு. போதாக்குறைக்கு அங்கே நீர் வேகமெடுத்துக் கலங்குகிறது. வாயு வேகமாக வெளியேறும் இடமும் கல் வேகமாகப் படியும் இடமும் அந்த விளிம்புதான். விளிம்பு உயர்கிறது, பின்னால் தொட்டி ஆழமாகிறது, ஆழமான தொட்டியில் படிவு குறைகிறது, எனவே விளிம்பு மேலும் எடுப்பாகிறது.

இதைவிட அழகான ஒன்று உண்டு. மேலிருந்து பார்த்தால் அந்த விளிம்புகள் பாம்பு போல வளைந்து வளைந்து போகும். உயரத்தில் மட்டும் ரசமட்டம் வைத்துப் பார்த்ததுபோல் ஒரே சீர். யார் மட்டம் பார்த்தது? நம் வயல் வரப்பில் ஓரிடம் தாழ்ந்தால் தண்ணீர் அங்கே பாயும், மண்ணை அரிக்கும், உடைப்பு பெரிதாகும். மண்வெட்டியோடு ஓட வேண்டும். பாமுக்கலேயில் நேர்மாறு. விளிம்பில் ஓரிடம் தாழ்ந்தால் நீர் அங்கே அதிகம் பாயும். அதிகம் பாயும் இடத்தில் அதிகம் கல் படியும். பள்ளம் தூர்ந்து மட்டத்துக்கு வந்துவிடும். ஓரிடம் உயர்ந்துவிட்டால் அங்கே நீர் ஏறாது, வளர்ச்சி நிற்கும், மற்ற இடங்கள் வந்து எட்டிப் பிடிக்கும். உடைப்பைத் தானே அடைத்துக்கொள்ளும் வரப்பு. சில வேளை கீழ்த்தொட்டியின் விளிம்பு வேகமாக வளர்ந்து மேல்விளிம்பை நீரில் மூழ்கடித்துவிடும். மூழ்கிய விளிம்பில் படலம் இல்லை, அது அதோடு நின்றுபோகும். இரண்டு தொட்டி ஒன்றாகும். சரிவு செங்குத்தான இடத்தில் சிறு கிண்ணங்கள், சாய்வு குறைந்த இடத்தில் அகன்ற தொட்டிகள்.

ஹியராபோலிஸ் விவசாயிகள் இதைக் கைத்தொழிலாகவே வைத்திருந்தார்கள். தோட்டத்தையும் திராட்சைக் கொல்லையையும் சுற்றி வாய்க்கால் வெட்டி ஊற்றுநீரை விட்டால், ஓராண்டில் கல் சுவர் கிடைக்கும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் பதிவு செய்திருக்கிறார். வேலிக்குக் கல் சுமக்க வேண்டியதில்லை. கல்லறைகள் பாதி மூழ்கியதும் இப்படி ஓடிய நீரால்தான்.

20ஆம் நூற்றாண்டில் இந்த வரப்புகள் கெட்டுப்போயின. 1960களிலிருந்து சரிவின் மேலேயே ஓட்டல்கள் முளைத்து, ஊற்றுநீரைத் தங்கள் நீச்சல் குளங்களுக்குத் திருப்பின. சரிவின் குறுக்கே வாகனச் சாலை போடப்பட்டது. நீர் வராத கல் மங்கிப் பழுப்பேறியது. பின்னர் ஓட்டல்கள் இடிக்கப்பட்டன. சாலையின் மேல் தொட்டிகள் கட்டி ஊற்றுநீரை விட்டார்கள். விளிம்பை மனிதர் போட்டுக்கொடுக்க, பூச்சை நீர் பூசியது. இன்று நீங்கள் இறங்கிவரும் பாதைத் தொட்டிகள் அவைதான். இயற்கைத் தொட்டிகள் பக்கத்தில், கால் படாத தூரத்தில்.

பல தொட்டிகள் வறண்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். ஒரே இடத்தில் இடைவிடாமல் நீர் ஓடினால் பாசி பிடித்துப் பச்சையாகும். அதனால் முறை வைத்து நீரைப் பகுதி பகுதியாகத் திருப்புகிறார்கள். காய்ந்து வெயில் பட்ட படிவுதான் கெட்டியாகி வெளுக்கும்.

செருப்பைக் கழற்றச் சொல்வதற்குக் காரணமும் இதுவே. புதிதாகப் படிவது கல்லாக அல்ல, கஞ்சிப்பசை போன்ற கூழாகத்தான் படிகிறது. செருப்பின் அடி அதை நசுக்கும், அழுக்கையும் பதிக்கும். நடக்கும்போது சிறு சிறு அலைபோன்ற வரிகள் உள்ள தரையில் காலை வையுங்கள். கொஞ்சம் குத்தும், ஆனால் வழுக்காது. வழவழவென்று ஈரமாக இருக்கும் இடத்தில்தான் சறுக்கி விழுவார்கள். அந்த வரிகளைக் குனிந்து பார்த்தால், விரற்கடை அகலத்தில் சின்னஞ்சிறு வரப்புகள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு சொட்டுத் தண்ணீர்.