ஒளிச் சிப்புக்குள் எதற்கு ஹீட்டர்?

"மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தானே செம்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியைக் கொண்டுவருகிறார்கள்? அப்புறம் அந்தச் சிப்புக்குள் எதற்கு ஹீட்டர் வைக்கிறார்கள்?" குன்னூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். கணினிகளுக்கிடையே தகவலை மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியாக அனுப்பும் சிலிக்கான் சிப்பைத்தான் சொல்கிறார். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் வழியே நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் தொலைத்தொடர்பில் பயன்படும் 1.55 மைக்ரான் அகச்சிவப்பு ஒளி அதற்குள் தாராளமாகப் போகும். சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 3.5, சுற்றியிருக்கும் சிலிக்காவுக்கு (கண்ணாடி) 1.44. அதனால் 450 நானோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரமுள்ள பாதைக்குள்ளேயே ஒளி அடைபட்டு ஓடும். சிலிக்கானால் ஒளியை உருவாக்கத்தான் முடியாது. இண்டியம் பாஸ்பைடு என்ற வேறொரு குறைகடத்தியில் செய்த லேசரை வெளியிலிருந்து ஒட்ட வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் இனிதான் வருகிறது. அந்த நேர்பாதையின் பக்கத்தில் 5 மைக்ரான் ஆரத்தில் ஒரு வளையம். நடுவே சுமார் 200 நானோமீட்டர் இடைவெளி. இரண்டும் தொடவில்லை, ஆனாலும் ஒளி கசிந்து தாவுகிறது. வளையத்தின் சுற்றளவுக்குள் அலைநீளம் முழு எண்ணிக்கையில் அடங்கினால், சுற்றி வந்த ஒளியும் புதிதாக நுழையும் ஒளியும் ஒரே தாளத்தில் சேரும். ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவதைப் போல, சுற்றுக்குச் சுற்று வலு ஏறும். அந்த ஒரு நிறத்தை, அதாவது அந்த ஓர் அலைநீளத்தை, மட்டும் வளையம் இழுத்துக்கொள்ளும். மற்ற நிறங்கள் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். சிறு மின்னழுத்தத்தால் அந்தத் தாளத்தைக் கலைத்துக் கலைத்துச் சேர்த்தால் 1, 0 தயார். எட்டு நிறத்துக்கு எட்டு வளையம் வைத்தால், ஒரே பாதையில் எட்டுத் தகவல் ஓடை.

வினை எங்கே என்றால், சூடு ஏறினால் சிலிக்கானின் ஒளிவிலகல் எண்ணும் ஏறுகிறது. ஒரு டிகிரிக்கு வளையத்தின் நிறம் ஏறத்தாழ 0.07 நானோமீட்டர் நகரும். ஜனவரியில் ஊட்டி அருகே தலைகுந்தாவில் விடியற்காலை உறைபனி, மதியம் 20 டிகிரி. அந்த வித்தியாசமே 1.4 நானோமீட்டர். அடுத்தடுத்த நிறங்களுக்கு நடுவே 0.8 நானோமீட்டர்தான் இடம் என்றால், வளையம் பக்கத்து நிறத்தையும் தாண்டிப் போயிருக்கும்! போதாக்குறைக்கு, தயாரிப்பில் பாதையின் அகலம் 1 நானோமீட்டர் பிசகினாலும் நிறமும் கிட்டத்தட்ட 1 நானோமீட்டர் விலகும்.

இத்தனை சின்ன வளையத்தைத் தனியாகக் குளிர்விப்பது கஷ்டம், சூடாக்குவது சுலபம். எனவே வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்னால் நிற்கும்படி வடிவமைத்து, மேலே ஓர் உலோக இழை வைத்துச் சூடாக்கி இழுத்து வருகிறார்கள். வளையத்துக்குச் சில மில்லிவாட் செலவு. மிச்சத்தில் ஒரு பங்கு இதிலேயே போகிறது என்பது உண்மைதான். ஆனாலும் அதிவேகத்தில் செம்பில் ஏற்படும் இழப்பைப் பார்த்தால் இது கட்டுப்படியாகும். 2025 மார்ச்சில் என்விடியா அறிவித்த தரவு மைய சுவிட்சுகள் (கணினிகளுக்கிடையே தகவலைத் திருப்பிவிடும் கருவிகள்) இந்த வளையங்களை நம்பித்தான் வருகின்றன.

சென்னை ஐஐடியில் இத்தகைய ஒளிச் சிப்புகளுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. ஆனால் சிப்பை வரைவதற்குக் கிடைக்கும் கைதட்டல், அதோடு ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழையை (ஃபைபர்) ஒட்டும் வேலைக்குக் கிடைப்பதில்லை. ஃபைபரில் ஒளியின் அகலம் 10 மைக்ரான். சிப்பில் அரை மைக்ரான். இரண்டையும் நேர்கோட்டில் நிறுத்துவதற்கே விலையில் பெரும்பங்கு போகிறது. என்னைக் கேட்டால் ஆராய்ச்சிப் பணம் முதலில் அங்கே போக வேண்டும்.

வளையத்தின் இந்தத் தொட்டாற்சிணுங்கிக் குணத்தையே சிலர் பயனாக்கிவிட்டார்கள். வளையத்தின் மேல் ரத்தத்திலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதம் ஒட்டினாலும் நிறம் நகரும். அந்த நகர்வை அளந்து நோயறியலாம். அங்கும் சூடு விடாது என்பதால், புரதம் தொடாதபடி மூடிய இன்னொரு வளையத்தைப் பக்கத்தில் வைத்து, அதன் நகர்வைக் கழித்துவிடுகிறார்கள்.