கவித் என்பது தாழ்வாரம் அல்ல

ஆர்மேனியாவைச் சுற்றிக் காட்டும் தமிழ் வீடியோ ஒன்றில் மறுபடியும் கேட்டேன்: "இது தேவாலயத்தின் தாழ்வாரம்." இது மூன்றாவது தடவை. திரையில் தெரிவதோ தடித்த நான்கு கல்தூண்கள், அவற்றைக் கோக்கும் வளைவுகள், உச்சியில் தேன்கூடு மாதிரிச் செதுக்கிய கூரை, அதன் நடுவில் வானம் தெரியும் திறப்பு. கெகார்டு மடத்தில் 1215க்கும் 1225க்கும் இடையில், மலைப்பாறையை ஒட்டி எழுப்பியது. தாழ்வாரமாம்!

அந்தக் கட்டடத்தின் ஆர்மேனியப் பெயர் கவித். பழைய மொழியில் முற்றம், அடைப்பு என்று பொருள். ஆர்மேனிய பைபிளில் யோவான் 10:1இல் வரும் ஆட்டுத்தொழுவமும் கவித்தான், 84ஆம் சங்கீதத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு 'ஆலயப்பிராகாரங்கள்' என்று சொல்வதும் கவித்தான். பின்னாளில் தேவாலயத்தின் மேற்கு வாசலை ஒட்டிக் கட்டிய பெரிய கூடத்துக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. ஜாமதூன் என்றும் சொல்வார்கள். ஜாம் என்றால் வேளை, தூன் என்றால் வீடு, ஜெபவேளைகளின் வீடு. (கவித் என்பது 'கவிதல்', ஜாம் என்பது 'ஜாமம்', தூன் என்பது 'தூண்' என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடாதீர்கள்.)

சரி, தாழ்வாரம் எங்கிருந்து வந்தது? ஆங்கில நூல்களில் கவித்துக்கு நார்த்தெக்ஸ் என்று விளக்கம் போட்டிருக்கும். பைசாந்தியக் (கிழக்கு ரோமப் பேரரசின் கிறிஸ்தவக்) கோவில்களில் வாசலை அடுத்துக் குறுக்கே ஓடும் ஒடுக்கமான பகுதி அது. தமிழில் மொழிபெயர்த்த நம் ஆள் அதற்கு அகராதியைப் புரட்டி, முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டார். கட்டடத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் கை நடுங்கியிருக்கும். கூரை சரிந்து தாழும் ஓரம்தான் தாழ்வாரம். மழைக்கு ஒதுங்குவோம், செருப்பைக் கழற்றிப் போடுவோம். கவித்தோ சில இடங்களில் தேவாலயத்தைவிடப் பெரியது. ஜனங்கள் கூடியது அங்கே, வழக்கும் பேச்சும் நடந்தது அங்கே, பிரபுக்களையும் துறவிகளையும் புதைத்ததும் அங்கேதான். தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். அவற்றை மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும். செத்தவர்களைத் தாழ்வாரத்தில் புதைக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது?

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'முன்றில்' என்றார். அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் முன்றில் வீட்டுக்கு வெளியே, கூரையில்லாமல் கிடப்பது; இதற்குக் கல்லால் கூரை இருக்கிறது. சங்கச் சொல் என்பதற்காக மழையில் நனைய முடியாது. 'மகாமண்டபம்' இன்னும் வலுவான போட்டி. பழைய கருவறைக்கு முன்னால் பிற்காலத்தில் மண்டபம் சேர்த்தார்களே, அதே கதைதான் இங்கும்: சனாஹின் மடத்துப் பெரிய தேவாலயம் 10ஆம் நூற்றாண்டு, அதன் கவித் 1181. வடசொல் என்பதும் எனக்குத் தடை இல்லை. ஆனால் மகாமண்டபம் என்றதும் நந்தியும் தீபாராதனையும் கண்ணுக்குள் வந்துவிடும், அப்புறம் அங்கே கல்லறையை எப்படி நுழைப்பது?

என் யோசனை 'முற்றக்கூடம்'. முற்றம் அந்தச் சொல்லின் பழைய பொருள், கூடம் கட்டடத்தின் வேலை. இன்னொரு காரணமும் உண்டு. ஆர்மேனியக் கிராமத்து வீட்டில் தூண்கள்மேல் மரங்களை அடுக்கடுக்காகக் குறுக்கி ஏற்றி, உச்சியில் எர்திக் என்ற திறப்பை விடுவார்கள். புகை வெளியே, வெளிச்சம் உள்ளே. அதையே கல்லில் செய்ததுதான் கவித் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தூண்களுக்கு நடுவே மேலிருந்து வெளிச்சம் விழும் வீட்டைத் தொட்டிக்கட்டு வீடு தெரிந்த தமிழருக்கு விளக்கவே வேண்டாம். முதல் தடவை 'முற்றக்கூடம் (கவித்)' என்று எழுதுங்கள், அப்புறம் கவித் என்றே போங்கள். மேற்கு ஆர்மேனியர் அதன் முதல் எழுத்தை வல்லொலியாகவும் கிழக்கத்தியர் மெலிதாகவும் சொல்வார்கள்; நம் 'க' இரண்டுக்கும் போதும்.

மொழிபெயர்ப்பாளர்களைவிடத் தெருவில் போகிறவர்கள் தேவலை. சென்னையில் ஆர்மேனியன் தெருவை 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கினார்கள். தப்புதான், ஆனால் வாயில் நிற்கிற தப்பு. அந்தத் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயத்தில் கவித் கிடையாது. கல்லறைப் பலகைகள் வெளியே திறந்த முற்றத்தில் கிடக்கின்றன, அதாவது அந்தச் சொல்லின் முதல் பொருளில்.