முதல் லென்ஸ்: 35 மி.மீ.யா, 50 மி.மீ.யா?

டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி வைத்த, லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய) கேமரா வாங்குகிறவர்கள் லென்ஸைப் பற்றி முதலில் கேட்பது "எவ்வளவு தூரம் ஜூம் ஆகும்?" என்றுதான். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். லென்ஸின் துளை எவ்வளவு அகலமாகத் திறக்கும்? ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் எந்த அளவுள்ளது, அதற்கு முன்னால்தானே லென்ஸ் உட்காரப் போகிறது? இவை புரிந்துவிட்டால், "கண்ணை மூடிக்கொண்டு 50 மி.மீ. வாங்கு" என்று எல்லோரும் சொல்கிற யோசனை எங்கிருந்து வந்தது, அது யாருக்குப் பொருந்தும் என்பதும் புரிந்துவிடும்.

கேமராவோடு வரும் கிட் லென்ஸின் முகப்பில் 18-55 மி.மீ. என்று எழுதியிருக்கும். இது குவியத்தூரம். 50 மி.மீ. என்று ஒரே எண் இருந்தால் அந்த லென்ஸ் ஜூம் ஆகாது. புகைப்படக்காரர்கள் குவியத்தூரத்தை ஃபோகல் லெங்த் என்பார்கள். வெகு தொலைவிலிருந்து இணையாக வரும் ஒளிக்கதிர்களை லென்ஸ் வளைத்து ஒரு புள்ளியில் சேர்க்கிறது அல்லவா, அதற்கு ஆகும் தூரம்தான் இது. இந்தத் தூரம் கூடக் கூட சென்சாரில் விழும் உருவம் பெரிதாகும். நிலாவை வைத்துப் பார்க்கலாம். வானத்தில் நிலாவின் அகலம் சுமார் அரை டிகிரி. குவியத்தூரத்தை ஏறக்குறைய 110-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலாவின் விட்டம் கிடைக்கும். 55 மி.மீ.யில் அது அரை மில்லிமீட்டர். 300 மி.மீ. லென்ஸ் போட்டாலும் 2.7 மி.மீ.தான். கிட் லென்ஸில் நிலாவை எடுத்துவிட்டு, வெறும் வெள்ளைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாத புதியவர் இருக்க முடியாது.

அடுத்தது சென்சார். பழைய பிலிம் சட்டகம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். அதே அளவுள்ள சென்சாரைத்தான் ஃபுல் ஃபிரேம் என்கிறார்கள். ஆனால் தொடக்க நிலை டிஎஸ்எல்ஆர்களில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார். நிக்கானில் சுமார் 23.5-க்கு 15.6 மி.மீ., கேனனில் இன்னும் கொஞ்சம் சிறியது. லென்ஸ் அனுப்பும் படத்தின் நடுப்பகுதியை மட்டும் இந்தச் சென்சார் வெட்டி எடுத்துக்கொள்கிறது. அதனால் 50 மி.மீ. லென்ஸ் இதில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸைப் போல, குறுகலாகப் பார்க்கும். லென்ஸின் குவியத்தூரம் மாறிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அப்படி எதுவும் மாறுவதில்லை, ஓரங்கள்தான் காணாமல் போகின்றன.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. அறையின் ஒரு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு மூன்று மீட்டர் தள்ளியிருப்பவர்களைப் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. போட்டால் சட்டகத்துக்குள் வருவது 1.4 மீட்டர் அகலம். மூன்று பேர் நெருக்கி நிற்க வேண்டும். 35 மி.மீ. போட்டால் இரண்டு மீட்டர். 18 மி.மீ.யில் கிட்டத்தட்ட நான்கு மீட்டர். வீட்டுக்குள் 50-ஐ மாட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொள்கிறவர்களின் புலம்பலுக்கு இந்தக் கணக்குதான் காரணம்.

"50 மி.மீ.தான் இயல்பான பார்வை" என்ற பேச்சு பிலிம் காலத்தில் சரியாக இருந்தது. சட்டகத்தின் மூலைவிட்டத்துக்கு அருகில் குவியத்தூரம் இருந்தால், படம் விரிந்தும் தெரியாது, நெருக்கியும் தெரியாது. பிலிமின் மூலைவிட்டம் 43 மி.மீ. என்பதால் அங்கே 50 பொருந்தியது. ஏபிஎஸ்-சியின் மூலைவிட்டம் சுமார் 28 மி.மீ. அப்படியானால் இங்கே அந்த இடத்துக்கு வர வேண்டியது 28-லிருந்து 35 வரை உள்ள ஏதாவது ஒன்று.

சரி, துளைக்கு வருவோம். லென்ஸுக்குள் இதழ்கள் போலத் திறந்து மூடும் அப்பெர்ச்சர் இருக்கிறது. அதன் அளவை எஃப் எண் சொல்கிறது. குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண். அதனால் எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது, புதியவர்களைக் குழப்புவது இந்தத் தலைகீழ்தான். ஓர் அறைக்கு வெளிச்சம் போதுமா என்பது ஜன்னலின் அளவை மட்டும் வைத்துத் தெரியாது, அறை எவ்வளவு ஆழமானது என்பதையும் பார்க்க வேண்டும். எஃப் எண் இந்த இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கிவிடுகிறது. 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்ற வரிசையும் விசித்திரமானதல்ல. விட்டம் இரண்டின் வர்க்கமூல அளவு, அதாவது 1.4 மடங்கு, குறைந்தால் பரப்பு பாதியாகும். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதி, அவ்வளவுதான்.

கிட் லென்ஸை 50-க்குப் பக்கத்தில் வைத்தால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. விட்டம் சுமார் 9 மி.மீ. எஃப் 1.8 உள்ள 50 மி.மீ. லென்ஸில் அது 28 மி.மீ. வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. மாலை நேரத்து அறையில் கிட் லென்ஸோடு, சென்சாரை மறைக்கும் திரையான ஷட்டரை ஒரு நொடியில் 15-இல் ஒரு பங்கு திறந்து வைக்க வேண்டியிருந்தால், இங்கே 150-இல் ஒரு பங்கு போதும். முதலாவதில் ஓடும் குழந்தை கலங்கலாக விழும், இரண்டாவதில் முகமாவது தெளிவாகக் கிடைக்கும். ஒளியுணர்வைக் காட்டும் எண்ணான ஐஎஸ்ஓவை ஏற்றியும் சமாளிக்கலாம், ஆனால் படத்தில் மணல் தூவியதுபோல இரைச்சல் வரும். புதிய பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, வாங்குவதைவிடத் துளை பெரிதான ஒரு லென்ஸ் வாங்குவது அதிக மாற்றத்தைக் காட்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

டிஎஸ்எல்ஆரில் இந்தத் துளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. லென்ஸ் வழியாக வரும் ஒளி, சென்சாருக்கு முன்னால் சாய்ந்து நிற்கும் ஆடியில் (முகம் பார்க்கும் கண்ணாடி போன்றது) பட்டு மேலே போய், வியூஃபைண்டர் வழியாக நம் கண்ணுக்கு வருகிறது. பொத்தானை அழுத்தும் வரை துளை முழுமையாகத் திறந்தே இருக்கும். எனவே எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் வியூஃபைண்டரே பளிச்சென்று ஆகிவிடும். ஆடியின் நடுப்பகுதி ஒளியை ஓரளவு உள்ளே விடும். அதன் பின்னாலிருக்கும் ஒரு குட்டி ஆடி அந்த ஒளியைக் கீழே உள்ள ஆட்டோஃபோகஸ் சென்சாருக்குத் திருப்பிவிடும். லென்ஸின் இரு ஓரங்களிலிருந்தும் வரும் கதிர்களை ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அது கணக்குப் போடுகிறது. இந்தச் சென்சார்கள் பெரும்பாலும் எஃப் 5.6 வரையிலான லென்ஸ்களுக்காகச் செய்யப்பட்டவை. கேமரா நிறுவனங்களின் சாதாரண ஜூம் லென்ஸ்கள் பெரும்பாலும் 5.6-ஐத் தாண்டாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஆடிதான் லென்ஸின் விலையையும் தீர்மானிக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. ஆடி மேலே எழும்ப இடம் வேண்டும். அதனால் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே நிக்கான் 46.5 மி.மீ. இடைவெளி வைத்திருக்கிறது, கேனன் 44 மி.மீ. 50 மி.மீ. லென்ஸுக்கு இது தோதான இடைவெளி. எந்த வித்தையும் செய்யாமல் எளிமையாக அமைத்துவிடலாம். முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒத்த இரு கண்ணாடி வில்லைக் கூட்டங்கள், நடுவில் துளை. 1896-இல் ஜெர்மனியின் ஸைஸ் லென்ஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் உருவாக்கிய பிளானார் லென்ஸின் வாரிசுதான் இந்த அமைப்பு. அவர் காலத்தில் அது சரியாக எடுபடவில்லை. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பித் தெறிக்கும். எட்டு பரப்புகள் இருந்தால் கால்வாசிக்கு மேல் போய்விடும். போனது போகட்டும் என்றால், அது உள்ளேயே எதிரொளித்துப் படத்தை வெளுக்க வைத்துவிடும். 1935-இல் அதே ஸைஸில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வில்லைகளின் மேல் மெல்லிய பூச்சு கொடுத்து இந்தத் தெறிப்பைக் குறைத்தார். அதன்பின் ருடால்ஃபின் அமைப்புக்கு வாழ்வு வந்தது. பத்துக்கு மேற்பட்ட வில்லைகள் கொண்ட இன்றைய ஜூம் லென்ஸ்களும் அந்தப் பூச்சு இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாதவை.

35 மி.மீ. என்றால் நிலைமை வேறு. 35 மி.மீ. தூரத்தில் உருவம் விழ வேண்டும் என்றால், எளிமையான லென்ஸ் ஆடியின் பாதையில் போய் நிற்க வேண்டியிருக்கும். அதனால் முன்பக்கம் ஒளியை விரிக்கும் வில்லைகளையும் பின்பக்கம் குவிக்கும் வில்லைகளையும் வைத்து, உருவம் குவியத்தூரத்தைவிடத் தள்ளி விழும்படி செய்கிறார்கள். பிரான்சின் பியர் ஆன்ஜெனியூ 1950-இல் இப்படி ஒரு லென்ஸைக் கொண்டுவந்து அதற்கு ரெட்ரோஃபோகஸ் என்று பெயர் வைத்தார். கூடுதல் கண்ணாடி, கூடுதல் வேலை, கூடுதல் விலை. கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8-இல் ஆறு வில்லைகள். நிக்கானின் ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கான 35 மி.மீ. எஃப் 1.8-இல் எட்டு. ஆக, 50 மி.மீ. லென்ஸ் மலிவாகக் கிடைப்பது அது புதியவர்களுக்குப் பொருத்தமானது என்பதற்காக இல்லை. ஆடிக்காக விட்ட இடைவெளிக்கு அது வசதியாக அமைந்துவிட்டது.

அதற்காக 50 மோசம் என்று சொல்ல வரவில்லை. முகங்களை எடுக்க அது அருமையானது. முகத்தின் அமைப்பு படத்தில் எப்படித் தெரியும் என்பதை முடிவு செய்வது, நாம் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பது. 18 மி.மீ.யில் முகம் சட்டகத்தை நிரப்ப வேண்டுமென்றால் முகத்துக்கு முன்னால் போய் நிற்போம். மூக்கு காதைவிடக் கேமராவுக்கு வெகு பக்கத்தில் இருக்கும், அதனால் உப்பித் தெரியும். 50-இல் ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நிற்பதால் அந்தக் கோளாறு வராது. பின்னணியும் குழைந்துபோகும். இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 11 செ.மீ. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் 3 செ.மீ.கூட இல்லை. ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் வரும் படங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. முழுத்துளையும் திறக்கும் என்பதற்காக எப்போதும் திறந்தே வைக்க வேண்டியதில்லை. துளையை 2.8-க்குச் சுருக்கினால் ஆழமும் கூடும், லென்ஸின் குறைகளும் அடங்கும்.

எதிர்த் திசையிலும் எல்லை உண்டு. எஃப் 22 வரை மூடினால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சின்னத் துளை வழியாகப் போகும் ஒளி விளிம்பில் வளைந்து பரவும். எஃப் 22-இல் ஒரு புள்ளி சென்சாரில் 0.03 மி.மீ. அகலப் பொட்டாக விழும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமோ 0.004 மி.மீ. நிலக்காட்சிக்கு அவ்வளவு மூடத் தேவையே இல்லை. கிட் லென்ஸை 18-இல், எஃப் 8-இல் வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். அகலமான காட்சிக்குக் கிட் லென்ஸே போதும் என்று நான் நினைப்பது இதை வைத்துத்தான். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பறவைகளும் விளையாட்டும் பிடிக்கும் என்றால் 55-250, 70-300 வகை லென்ஸ்கள் இருக்கின்றன. அங்கே கை நடுக்கம்தான் பிரச்சினை. 250 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சியில் ஏறக்குறைய 400 மி.மீ. போலப் பார்ப்பதால், ஷட்டர் 400-இல் ஒரு பங்கு நொடியோ அதைவிடக் குறைவாகவோதான் திறந்திருக்க வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது உங்கள் கையைச் சமாளிக்கும், பறவையின் சிறகடிப்பைச் சமாளிக்காது. 18-200 போன்ற 'எல்லாம் ஒன்றில்' லென்ஸ்களை முதல் லென்ஸாக நான் சொல்ல மாட்டேன். துளை சிறிது, ஓரங்களில் கூர்மை குறைவு. பயணத்தில் லென்ஸ் மாற்றப் பிடிக்காதவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

எனவே என் ஓட்டு: கிட் லென்ஸோடு, நிக்கானில் 35 மி.மீ. எஃப் 1.8. கேனனில் 24 மி.மீ. எஃப் 2.8 என்ற தட்டையான குட்டி லென்ஸ் இருக்கிறது, அது கொஞ்சம் அகலமாகப் பார்க்கும், வெளிச்சமும் அவ்வளவு அள்ளாது. முகங்களே முக்கியம் என்பவருக்கு 50. எது உங்களுடையது என்று தெரியவில்லையா? கிட் லென்ஸில் எடுத்த படங்களைக் கணினியில் திறந்து தகவல் பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு படமும் எந்தக் குவியத்தூரத்தில் எடுத்தது என்று பதிவாகியிருக்கும். எண்கள் எங்கே கூட்டம் கூடுகின்றன என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

வாங்கும்போது எழுத்துகளைக் கவனியுங்கள். நிக்கானின் டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் மாட்டும், படமும் எடுக்கும், ஆனால் ஃபோகஸை நீங்கள்தான் கையால் திருப்ப வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று இருந்தால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். கேனனில் இஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஏபிஎஸ்-சி கேமராவுக்கு மட்டும், இஎஃப் லென்ஸ்கள் இரண்டுக்கும். இரு நிறுவனங்களும் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டதால் பழைய லென்ஸ்கள் கைமாற்றாக நிறையக் கிடைக்கின்றன. மிரர்லெஸ்ஸில் ஆடி இல்லை, இடைவெளியும் குறைவு. மிச்சமான அந்த இடத்தில் ஓர் அடாப்டரை வைத்து டிஎஸ்எல்ஆர் லென்ஸை மாட்டிக்கொள்ளலாம், போட்ட பணம் வீணாகாது. கைமாற்று லென்ஸ் என்றால் டார்ச் வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது, விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று தூசி தெரிந்தால் பரவாயில்லை, அது படத்தில் வராது.