சொல் விளக்கம்: அணுவாயுதக் களைவு

இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளை ஒருத்தி, ஹிரோஷிமா நாளுக்கென்று கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். தலைப்பு 'அணுவாயுதக் குறைப்பு'. மூன்றாம் பத்தியில் அதே விஷயம் 'அணுவாயுத களைவு' ஆகியிருந்தது. "ரெண்டும் ஒன்னுதானே சேர்?" என்று கேட்டாள். ஒன்றில்லை. அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் இது 'டிஸ்ஆர்மமென்ட்'. 'ஆர்ம்' என்றால் ஆயுதம், இலத்தீனிலிருந்து வந்தது. முன்னால் நிற்கும் 'டிஸ்' நீக்கத்தைச் சொல்கிறது. தமிழில் இதற்கு நாலைந்து சொற்கள் ஓடுகின்றன. 'நிராயுதபாணி' அவற்றில் சேராது. 'பாணி' என்றால் கை, ஆகவே அது வெறுங்கையோடு நிற்கும் ஆளைக் குறிக்கும். 'பரவல் தடை' வேறு விஷயம்: இல்லாதவர் கைக்கு ஆயுதம் போகாமல் தடுப்பது. மிஞ்சுவது குறைப்பும் களைவும்.

ஆயுதம் வடசொல். போரிடுதல் என்ற பொருள் கொண்ட 'யுத்' அதன் வேர். யுத்தமும் அதில் பிறந்ததுதான். தனித்தமிழில் படைக்கலம். 'அணுப் படைக்கலக் களைவு' என்று எழுத விரும்புகிறவர் தாராளமாக எழுதலாம். ஆனால் ஆயுத பூசையன்று தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைக்கிற தோட்டத்து லயத்து வீட்டில் ஆயுதம் என்ற சொல்லுக்கு விளக்கமே தேவையில்லை. அதனால் முன்பாதியை அப்படியே விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியம் பின்பாதி.

களைதல் பழைய வினை. அரிசி களைகிறோம், பிழை களைகிறோம், உடை களைகிறோம். 'இடுக்கண் களைவதாம் நட்பு' என்ற குறள் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நண்பனின் துன்பத்தில் பாதியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அவனிடமே விடுவதை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். களையப்பட வேண்டிய புல் என்பதால்தான் அதற்குக் 'களை' என்றே பெயர்.

தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இது கையில் தெரியும். மழை விட்ட ஈர மண்ணில் என் அப்பாயி கோரையைப் பிடுங்கும்போது இரண்டு விரலை அடித்தண்டில் கொடுத்து, மெதுவாக ஆட்டி, கிழங்கோடு எடுப்பார். மேலோடு சுரண்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால், "வேர விட்டுட்டு வந்தா அடுத்த மாசம் திரும்ப நாமதான் குனியணும்" என்பார். கவ்வாத்து வேறு. அங்கே தேயிலையைக் கத்தியால் தறிப்பதே அது இன்னும் நன்றாகத் துளிர்க்கட்டும் என்றுதான்.

அணுவாயுதங்களுக்கு இதுவரை நடந்தது பெரும்பாலும் கவ்வாத்துதான். 1980களின் நடுவில் உலகில் ஏறக்குறைய 70,000 அணுகுண்டுகள் இருந்தன. இன்று ஒன்பது நாடுகளிடம் 12,000 அளவில் இருக்கின்றன. எண்ணிக்கை குறைந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வைத்திருக்கும் நாடுகள் மிச்சத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. 'குறைப்பு' என்று எழுதினால் இந்த நிலையையே இலக்காக ஒப்புக்கொண்டதாகிவிடும். ஐ.நா. பொதுச்சபையின் முதல் தீர்மானம், 1946 ஜனவரி 24இல், அணுவாயுதங்களை நாடுகளின் படைக்கலங்களிலிருந்து அகற்றுவதைப் பற்றித்தான் பேசியது. 1970இல் நடைமுறைக்கு வந்த பரவல் தடை ஒப்பந்தத்தின் ஆறாம் உறுப்புரையும் களைவுக்காக நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்தும்படி நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது.

களைய முடியுமா என்று கேட்பவர்களுக்குத் தென்னாப்பிரிக்கா இருக்கிறது. தான் செய்த ஆறு குண்டுகளையும் கழற்றிப்போட்டு, 1993இல் அதை உலகறியச் சொன்னது.

நமக்கு எதற்கு இந்தக் கதை, இங்கே குண்டா விழப்போகிறது என்று நினைக்கலாம். காலையில் தட்டுகிற ரொட்டியைப் பாருங்கள். அந்தக் கோதுமை இலங்கையில் விளைவதில்லை, முழுக்கக் கப்பலில் வருகிறது. எங்கோ இரண்டு நாடுகள் அணுகுண்டால் மோதினாலும், எரியும் நகரங்களின் கரிப்புகை வெயிலை மறைத்து உலகின் விளைச்சலை வீழ்த்தும் என்று அறிவியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். குண்டு வைத்திராதவர்களும் பட்டினி கிடப்பார்கள். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இந்தச் சொல்லுக்காக இலங்கையர் இருவர் நிறையவே உழைத்தார்கள். ஜயந்த தனபால 1995இல் பரவல் தடை ஒப்பந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தார், பிறகு ஐ.நா.வின் ஆயுதக் களைவுத் துறையை நடத்தினார். நீதியரசர் வீரமந்திரி, 1996இல் சர்வதேச நீதிமன்றம் தயங்கிய இடத்தில், அதன் நீதிபதிகளில் ஒருவராக, அணுவாயுதப் பாவனை எந்தச் சூழ்நிலையிலும் சட்டவிரோதமே என்று மாற்றுக் கருத்து எழுதினார். 2021இல் நடைமுறைக்கு வந்த அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2023இல் சேர்ந்தது. இங்கே 'தடை' சரியான சொல்: அது சட்டம், களைவு அதன்பின் செய்ய வேண்டிய வேலை.

எழுதும்போது 'அணுவாயுதம்', 'அணு ஆயுதம்' இரண்டும் சரி. 'ஆயுதக் களைவு' என்பதில் க் வரும். அந்தப் பிள்ளையும் அதைத்தான் விட்டிருந்தாள்.