டிசெபிலிட்டி பிரைடு பரேடு – தமிழில் என்ன சொல்லலாம்?

மாற்றுத்திறனாளிகள் தங்கள் உடலையோ மனநிலையையோ மறைக்காமல், இருக்கிறபடியே ஊர் பார்க்கத் தெருவில் திரண்டு செல்வதுதான் டிசெபிலிட்டி பிரைடு பரேடு. கோரிக்கை அட்டைகளும் இருக்கும். ஆனால் மனு கொடுக்கப் போகிற கூட்டமல்ல. 'நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம்' என்று காட்டுவதே முதல் நோக்கம்.

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1990 ஜூலை 26 அன்று கையெழுத்தானது. அந்த அக்டோபரிலேயே பாஸ்டனில் முதல் ஊர்வலம் நடந்தது. 2004 ஜூலையில் சிகாகோவில் தொடங்கியது நன்றாக வேர்விட்டது. ஜூலை இதற்குரிய மாதமானது சட்டத்தின் தேதியால்.

மூன்று சொற்களில் சிக்கலானது 'பிரைடு'. கிறித்தவ மரபில் அது ஏழு கொடும்பாவங்களுள் ஒன்று, அதாவது செருக்கு. கறுப்பின மக்களும் பிறகு தன்பாலீர்ப்பாளர்களும் அதைத் தங்கள் இயக்கச் சொல்லாக்கினார்கள். அந்த வழியில்தான் இங்கும் வந்தது. 'பெருமை' என்று பெயர்த்தால் போதாது. 'கால் இல்லாமலே சாதித்தார், ஊருக்கே பெருமை' என்போம் அல்லவா? சாதித்தால்தான் மதிப்பு என்னும் அந்தப் பேச்சை மறுக்கவே இந்த ஊர்வலம்.

'பெருமிதம்' சரியாகப் பொருந்தும். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், இது ஒன்று. கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவற்றால் பிறப்பது. தறுகண் என்றால் அஞ்சாமை. அதே பட்டியலில் இளிவரல் என்னும் இழிவுணர்ச்சியும் உண்டு. அது பிறக்கும் இடங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. அதாவது நோயுற்ற, தளர்ந்த உடலை இலக்கணம் இழிவுணர்ச்சியின் பக்கம் வைத்திருக்கிறது. அந்த உடலோடு பெருமிதத்தின் பக்கம் போய் நிற்பது இலக்கணத்தையே மீறுகிற காரியம்!

'பரேடு' என்பதற்கு அணிவகுப்பு வேண்டாம். அது எல்லோரும் ஒரே தாளத்தில் கால் எடுத்து வைப்பது. 'நடைப்பயணம்' சக்கர நாற்காலியில் வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடும். ஊர்வலம் நல்ல சொல். நடந்தும் போகலாம், உருண்டும் போகலாம்.

'டிசெபிலிட்டி'க்கு முன்பு ஊனம் என்றார்கள். கருணாநிதி முதல்வராக இருந்தபோது 'மாற்றுத்திறனாளி' அரசுச் சொல்லாகி, மக்கள் வாயிலும் நிலைத்தது. குறையைச் சொல்லத் தயங்கும் சொல் என்று இதை ஏற்காதவர்களும் உண்டு. எங்கள் கணிப்பில், வழக்கில் ஊன்றிய சொல்லோடு போவதே நல்லது: மாற்றுத்திறனாளிகள் பெருமித ஊர்வலம்.

இதற்கென்று கொடியும் உண்டு. ஆன் மகில் என்பவர் 2019இல் வரைந்த கொடியில் கறுப்பின்மேல் பளிச்சென்ற நிறங்களில் மின்னல் கோடுகள் இருந்தன. திரையை உருட்டும்போது அவை கண்ணில் பளிச்சிட்டு வலிப்பையும் ஒற்றைத் தலைவலியையும் தூண்டக்கூடும் என்று புகார் எழுந்தது. 2021இல் நிறங்களை மங்கலாக்கி, மின்னல் வளைவுகளை நேர்கோடுகளாக்கிச் சாய்வாக வைத்தார். பழைய படத்தை இன்னும் அச்சடிக்கிறார்கள். பார்த்து எடுக்க வேண்டும்.

ஊர்வலம் நடத்துகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. மெதுவாகச் செல்பவர்களை முன்னால் விடவேண்டும். பின்னால் விட்டால் பாதி வழியில் கூட்டம் இரண்டாக அறுந்துவிடும். கல் பாவிய தெருவில் சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம் இடுக்கில் மாட்டி ஆளைக் கவிழ்க்கும். சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்கவேண்டும். பார்வையாளர் பக்கம் மட்டுமல்ல, மேடைக்கும். பேசுகிறவரே மேடையேற முடியாமல் கீழே மைக் பிடித்தால் ஊர்வலத்துக்கு அர்த்தமில்லை. சைகைமொழி பெயர்ப்பாளர் வெயிலுக்கு முதுகுகாட்டி நின்றால் கை நிழலாகத்தான் தெரியும். முகத்தில் வெளிச்சம் விழும்படி நிறுத்துங்கள். பறையும் டிரம்ஸும் ஒரு முனையில் இருக்கட்டும், ஆட்டிசம் உள்ளவர்கள் மறுமுனையில் வரட்டும். கேட்காமல் யாருடைய நாற்காலியையும் தள்ளக்கூடாது என்பதைத் தன்னார்வலர்களுக்கு முதல்நாளே சொல்லிவிடுங்கள்.